கிளிக்கு ஒன்றரை அங்குலம்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் முதுகுவலி. நியூஜெர்சியில் மெட்டச்சன் ஊரில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலி வாங்கினேன். முதுகுப்பக்கம் போர்வீரன் கேடயம் போல வளைந்திருக்கும். பார்க்க லட்சணம், உட்கார்ந்தால் தண்டனை. "ஹெப்பிள்வைட் ஸ்டைல்" என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னாள். ஏதோ கடையின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், மனிதனின் பெயர்.

ஜார்ஜ் ஹெப்பிள்வைட், பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் கடை வைத்திருந்த மரச்சாமான் தச்சர். இங்கிலீஷ் நாற்காலி என்றதும் சொல்லப்படும் மூன்று நான்கு பெயர்களில் ஒன்று அவருடையது. ஆனால் இது அவர் கையால் செய்தது என்று அடித்துச் சொல்ல உலகத்தில் ஒரு முக்காலி கூடக் கிடையாது. பிறகு பெயர் எப்படி வந்தது? 1786இல் அவர் இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து அவர் மனைவி ஆலிஸ், முந்நூறு வடிவங்களைப் படமாகப் போட்டு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதைப் பார்த்துத்தான் கடல் கடந்தும் தச்சர்கள் இழைத்துத் தள்ளினார்கள்.

அந்த முந்நூறில் எத்தனை அவர் போட்டவை? எத்தனை கடையில் வேலை பார்த்தவர்கள் போட்டவை? ஒன்றிரண்டாவது அந்த அம்மாள் போட்டதா? தெரியாது. யாராவது ஆலிஸிடம் கேட்டார்களா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஆலிஸை இனிக் கேட்க முடியாது, எங்கள் தமிழ்ச் சங்கத்து மரகதம் ஆன்ட்டியைக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

2

[தொடக்கம் ஒன்று: "எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டில் தோசை வாசனை..." வேண்டாம். இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோடு இல்லாமல் நியூஜெர்சியில் ஒரு கதை எழுதினால் போலீஸ் பிடிக்குமா என்ன?]

[தொடக்கம் இரண்டு: "மரகதம் கணவனை இழந்து ஆறு மாதம் ஆகியிருந்தது." இதை என் மனைவி ஷ்யாமளாவிடம் காட்டினேன். "முதல் வரியிலயே அவங்களைப் புருஷனை வச்சுத்தான் அறிமுகப்படுத்தணுமா?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

[தொடக்கம் மூன்று: "மரகதம் ஒரு படம் வரைந்தாள்." இதில் ஷ்யாமளாவாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. இங்கிருந்தே போகலாம்.]

3

மரகதம் ஒரு படம் வரைந்தாள்.

டெக்சஸில் இர்விங் ஊரில், இரண்டாம் மாடி அபார்ட்மென்ட். கணவர் திருமூர்த்தி பாலங்களுக்குக் கணக்குப் போடும் இன்ஜினியர். அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த மனைவிக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. வீட்டு வாடகைப் பத்திரத்திலும் மின்சாரக் கட்டணத்திலும் அவள் பெயர் இல்லை. மதுரையில் பி.எஸ்ஸி. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தவள், இங்கே காலை பத்து மணிக்கு மேல் பார்க்கிங் லாட்டில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் கூடவே வந்தவை பொம்மைகள். விளாச்சேரியில் வாங்கி, ஒவ்வொரு லீவுக்கும் ஊரிலிருந்து புடவைக்குள் சுற்றி எடுத்துவந்த கொலுப் பொம்மைகள். ஒன்பது நாள் வைக்கலாம். மீதி நாளெல்லாம் எங்கே வைப்பது? அபார்ட்மென்ட்டில் பரணும் இல்லை, பேஸ்மென்ட்டும் இல்லை.

ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் அவள் வரைந்தாள். உயரம் ஏறிக்கொண்டே போகும் ஐந்து பெட்டிகள். ஆறு அங்குலம், பன்னிரண்டு, பதினெட்டு என்று. முன்னும் பின்னுமாக ஒட்டி நிறுத்தினால் படி. ஒன்பது நாள் முடிந்ததும் அந்தந்தப் படியின் பொம்மைகள் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே போய்விடும். அடுத்த வருடம் எது எங்கே என்று தேட வேண்டாம். மற்ற நாளில் பெரிய பெட்டியின் மேல் டிவியை வைத்துக்கொள்ளலாம். ரவிக்கை தைக்கிற டேப்பை வைத்து ஒவ்வொரு பொம்மையாக நிற்கவைத்து அளந்தாள்.

எல்லாம் அடங்கிற்று, ஒன்றைத் தவிர. கீழிருந்து இரண்டாவது படியில் நிற்கும் கரகாட்டக்காரி. தலையில் கரகம், கரகத்தின் உச்சியில் ஒரு பச்சைக் கிளி. ஆட்டக்காரி உள்ளே போனாள், கரகமும் போயிற்று, கிளி இடித்தது. மரகதம் அந்தப் பெட்டியை மட்டும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினாள். அதனால் இரண்டாம் படி கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், மூன்றாம் படி குட்டையாகத் தெரியும். தெரிந்தால் என்ன, கிளி முக்கியம்.

திருமூர்த்தி அதை ஆபீஸில் கம்ப்யூட்டரில் சுத்தமாக வரைந்துகொண்டு வந்தார். பலகை அறுத்துத் தரும் கடைக்குப் போய், திருகாணி முடுக்கி, வார்னிஷ் அடித்தார். அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கேள்வியும் கேட்டார்.

"ஏன் மரகதம், இது மட்டும் ஒன்றரை இன்ச் கூட இருக்கு? தப்பா அளந்துட்டியா?"

"கிளிங்க" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். வேலை முடிந்ததும் காலண்டர் தாள்களைக் குப்பையில் போட்டார்கள். யார் போட்டது என்பது மரகதத்துக்கு ஞாபகமில்லை.

4

(இது கதையில்லை, விவரம். அவசரமென்றால் தாண்டிப் போங்கள்.)

அவர்கள் எடிசனுக்குக் குடிவந்த பிறகு அந்தப் படியைப் பார்த்து யாரோ அளவு கேட்டார்கள். மரகதம்தான் ஈமெயிலில் அனுப்பினாள். அந்தக் காலத்தில் நம்மவர்கள் பாதிப்பேர் வீட்டில் இருந்தது போல அவர்களுக்கும் ஒரே ஈமெயில்; கணவர் பெயரில். எதிர்ப்பக்கம் "திருமூர்த்தி" என்றுதான் தெரிந்தது. "தேங்க்யூ மூர்த்தி சார்" என்று பதில் வந்தது. படத்தின் மூலையில் அவருடைய இனிஷியலும் இருந்தது.

பிறகு அதை யாராலும் பிடிக்க முடியவில்லை. டெக்சஸில் பேர்லேண்டில் ஒரு குடும்பம் செய்தது. கலிஃபோர்னியாவில் ஏழெட்டு வீடுகளில் செய்தார்கள். "திருமூர்த்தி படி" என்று பெயரே ஆகிவிட்டது. யார் செய்தாலும் இரண்டாவது பெட்டியை ஒன்றரை அங்குலம் உயரமாகவே செய்தார்கள். அவர்கள் வீட்டில் கரகாட்டக்காரியும் இல்லை, கிளியும் இல்லை. ஆனாலும் இன்ஜினியர் போட்ட கணக்கில் கைவைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஒரு சங்க விழாவில் ஒருவர் எழுந்து காரணம் கேட்டார். திருமூர்த்தி மைக்கை வாங்கினார்.

"உட்கார்ந்து பாக்கறவங்களோட ஐ லெவல் அங்கதான் வரும். அந்த ஸ்டெப்பை லைட்டா எம்ஃபசைஸ் பண்ணா, மொத்த கொலுவும் கண்ணுக்கு பேலன்ஸ்டா தெரியும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மரகதம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் கைதட்டினாள்.

[இந்த இடத்தில் எனக்குத் திருமூர்த்தி மேல் சந்தேகம் வருகிறது, மனிதராக அல்ல, பாத்திரமாக. கிளியை மறந்துவிட்டாரா, மறைத்தாரா? மறந்துவிட்டார் என்று எழுதினால் கதை மென்மையாகும். மறைத்தார் என்று எழுதினால் வில்லன் கிடைப்பார். மைக்கைக் கையில் வாங்கியவன் எதையும் நம்ப ஆரம்பித்துவிடுவான் என்பது என் அனுபவம். நானும் நிறைய மைக் வாங்கியவன்.]

5

மார்ச்சில் திருமூர்த்தி இறந்தார். நவராத்திரி விழாவில் அவருக்கு அஞ்சலி செய்து, படியின் முழு வரைபடத்தையும் சங்க மலரில் அச்சிடுவதென்று முடிவாயிற்று. மலருக்கு நான் ஆசிரியர். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஹெப்பிள்வைட் தலைக்குள் ஏறியிருந்த வாரம் அது. முதன்முதலில் செய்த படியைப் படம் எடுக்கிற சாக்கில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். துக்க வருடம், கொலு கிடையாது. பெட்டிகள் சுவரோரம் நின்றன, பெரியதின் மேல் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சுவாக்கில் ஆலிஸின் கதையைச் சொன்னேன். "அவங்க ஏதாவது வரைஞ்சாங்களான்னு யாரும் கேட்கவே இல்ல போலிருக்கு ஆன்ட்டி" என்றேன். எனக்கு நாற்பத்தாறு வயதாகியும் அவர் ஆன்ட்டிதான்.

மரகதம் டிவியை அணைத்தாள்.

"இதை நான்தான் வரைஞ்சேன், தம்பி."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் கொஞ்சம் பலமாகவே சொன்னாள்: "இந்தப் படி. அவர் இல்ல, நான். மலர்ல 'வடிவம்'னு ஒரு லைன் வருமில்ல? அதுல என் பேர் போடுங்க. இருபது வருஷத்துக்கு மேல கைதட்டியாச்சு. போதும்."

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டுவிடலாம். மூன்று வரைவுகளில் விட்டும்விட்டேன். நான் சொன்னது இது:

"ஆன்ட்டி, இந்த நேரத்துலயா? அங்கிளுக்கு ட்ரிப்யூட்... ஜனங்க தப்பா எடுத்துக்குவாங்க. ப்ரூஃப் ஏதாவது இருக்கா?"

கட்டிய கணவர் போய் ஆறு மாதம் ஆன பெண்ணிடம், அவள் போட்ட கணக்குக்கு ரசீது கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்து, இரண்டாவது பெட்டியின் முன்பலகையைக் கழற்றினாள். பழைய வேட்டித் துணியை விலக்கினாள். உள்ளே கரகாட்டக்காரி நின்றிருந்தாள். கிளியின் தலைக்கும் பெட்டியின் மூடிக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும், அவ்வளவுதான்.

"ஐ லெவலாம்" என்றாள் மரகதம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததை நான் கசப்பு என்றுதான் சொல்வேன். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"பேர் போட்டுடறேன் ஆன்ட்டி" என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து "வடிவம்: திருமதி மரகதம்" என்று அடித்தேன். அச்செழுத்தில் அந்தப் பெயரை அவளே இதுவரை பார்த்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. எனக்கு நல்ல கதையும் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வராது.

6

வியாழக்கிழமை, திருத்தப் பிரதியைக் காட்டப் போனேன். அஞ்சலிக்காக மகள் யாமினி ஆஸ்டினிலிருந்து வந்திருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நாம் தமிழில் பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

தாளை மரகதத்திடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "வடிவம்" என்ற வரியில் விரலை வைத்தாள். அந்த விரல் அங்கேயே இருந்தது. யாமினி எட்டிப் பார்த்து, படத்தை மட்டும் கண்டுகொண்டாள். தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்க வராது.

"ஓ மை காட், அப்பாஸ் ஸ்டெப்ஸ்! அம்மா, ஐ வாஸ் கோயிங் டு ஷோ யூ. டோன்ட் பி மேட், ஓகே?"

ஸ்வெட்டரின் இடது கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள். முன்கையின் உட்புறத்தில் பச்சை குத்தியிருந்தாள். கறுப்பில் ஒரே கோடு. ஐந்து படிகளின் பக்கவாட்டுத் தோற்றம். இரண்டாவது படி துருத்திக்கொண்டிருந்தது, மூன்றாவது குட்டை. அளவு பிசகவில்லை.

"இட்ஸ் ஹிஸ் லைன். திஸ் லிட்டில் பம்ப், சீ? ஐ லெவல். ஹி ஆல்வேஸ் டோல்ட் மீ, இஃப் யூ கெட் தட் ஒன் திங் ரைட், தி ஹோல் திங் பேலன்சஸ். ஐ லுக் அட் இட் எவ்ரி டே, அம்மா. இட்ஸ் ஆல் ஐ ஹேவ் ஆஃப் ஹிம்."

மரகதம் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தான் வரைந்த கோடு, மகளின் தோலில், அவர் பெயரில். டேப்பால் அளந்த ஒன்றரை அங்குலத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினாள். தோல் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

"வலிச்சதா?"

"அ லிட்டில்."

"அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்" என்றாள் மரகதம்.

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன. மூன்றையும் வைக்கிறேன்.

முடிவு அ: மகளிடம் அவள் உண்மையைச் சொல்கிறாள். யாமினி முதலில் அழுகிறாள், பிறகு "அம்மா, இட்ஸ் யுவர் லைன்!" என்று கட்டிக்கொள்கிறாள். இதை வாசித்த ஷ்யாமளா, "இதை நீங்க நம்பறீங்களா?" என்றாள். இல்லை.

முடிவு ஆ: விழா மேடையில் ஏறி, கரகாட்டக்காரியை மேசை மேல் வைத்து, கிளியைச் சுட்டிக்காட்டுகிறாள் மரகதம். அரங்கம் எழுந்து நிற்கிறது. அரங்கம் என்பது ஒரு பள்ளிக்கூட கஃபெட்டீரியா. சாம்பார் சாதம் போடப் போகிறார்கள் என்றால்தான் அது எழுந்து நிற்கும். அழித்தேன்.

முடிவு இ நான் எழுதியதல்ல. அது நடந்தது.

மரகதம் எழுந்து போய் இரண்டாவது பெட்டியைத் திறந்தாள். கரகாட்டக்காரியை வெளியே எடுத்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

"அம்மா? வாட் வாஸ் தட்?"

"பழைய பொம்மைடா. உடைஞ்சு போச்சு. உடைஞ்ச பொம்மையைக் கொலுல வைக்கக் கூடாது, தூக்கிப் போட்டுடலாம்." கரகாட்டக்காரியைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்களைப் பக்கம் கொண்டுபோனாள்.

வாசல்வரை என்னை வழியனுப்ப வந்தாள். காரில் ஏறப்போகும்போது ஒரு ஜிப்லாக் கவரைக் கையில் திணித்தாள். உள்ளே கிளி இருந்தது.

"அவர் பேரே போட்டுடுங்க தம்பி."

"ஆன்ட்டி, நான் வேணும்னா..."

"ப்ரூஃப் கேட்டீங்கல்ல? இப்ப இல்ல."

"அப்புறம் இதை ஏன் என்கிட்ட குடுக்கறீங்க?"

"குப்பைல போட மனசு வரல. வச்சுக்கங்க. ஆனா எழுதக் கூடாது. நீங்க எழுதறவங்க, அதான் சொல்றேன்."

"எழுத மாட்டேன் ஆன்ட்டி" என்றேன்.

8

[எழுத மாட்டேன் என்றவன் எழுதிய கதையைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதற்குமேல் என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?]

மலர் வந்துவிட்டது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் "வடிவம்: அமரர் திருமூர்த்தி". விழாவில் தொகுத்து வழங்கியவர் ஐ லெவல் விஷயத்தை மறுபடியும் சொன்னார். மரகதம் இந்த முறை முதல் வரிசையில் இருந்தாள். எல்லோரையும் முந்திக்கொண்டு கைதட்டினாள். பக்கத்தில் யாமினி தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

ஷ்யாமளா இந்தக் கதையை முழுக்க வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவங்க நிஜப் பேரையும் மாத்திட்டீங்க. இப்ப இந்தக் கதைக்கு மேல யார் பேர் வரும்?"

ஆமாம், மரகதம் அவர் பெயரில்லை. திருமூர்த்தி, யாமினி என்பவையும் நான் வைத்தவைதான். பாதுகாப்புக்காக மாற்றினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அவருடைய படத்தில் கணவரின் இனிஷியல் இருந்தது, அவருடைய கிளிக்கு மேல் என் பெயர் வரப்போகிறது. திருமூர்த்தியையாவது மறந்துவிட்டார் என்று சொல்லி விட்டுவிடலாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த முந்நூறு வடிவங்களைப் பற்றி ஆலிஸ் என்ன சொல்லியிருப்பாள் என்று இனி நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை.

9

முடிவைக் கேட்பீர்கள். என்னிடம் இல்லை. என்னிடம் ஒரு மண்கிளி இருக்கிறது, மேசை விளக்குக்குக் கீழே. கால் இருந்த இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரிகிறது.

யாமினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன்.

ஆனால் உங்களுக்குத் தெரியும். நான் பெயரைத்தான் மாற்றினேன், கையை மாற்றவில்லை. ஆஸ்டினில் ஆபீஸ் லிஃப்ட்டிலோ, பேர்லேண்ட் கோயில் வரிசையிலோ ஒருநாள் உங்களுக்கு முன்னால் ஒரு பெண் நிற்கலாம். இடது முன்கையில் ஐந்து படி, இரண்டாவது மட்டும் கொஞ்சம் உயரம். நீங்கள் உற்றுப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்: "மை டாட் டிசைன்ட் இட்."

அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?